பம்பைத் திருப்புவதற்கு முன்: டீசல் லொறி கேள்வி பதில்

மலைநாட்டு லொறிக்காரர்களின் கடிதங்களில் ‘டைமிங்’ (பிஸ்டன் எங்கே நிற்கும்போது டீசல் அடிக்க வேண்டும் என்ற கணக்கு) என்ற சொல் அடிக்கடி அடிபடுவதால் இந்த இதழில் இந்தப் பக்கத்தை முழுவதும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். டைமிங் பிழையும் உண்டு, அதன் தலையில் சும்மா போடப்படும் பழியும் உண்டு. இரண்டையும் பிரித்தறியத் தெரிந்தால் பாதிச் செலவு மிச்சம்.

கேள்வி: 4டி33 எஞ்சின் பூட்டிய கேன்டர் லொறி. லைன் பம்ப் (சிலிண்டர்களுக்கு டீசல் அடிக்கும் பம்ப்) ஒழுகியதால் கழற்றி, பம்ப் திருத்தும் பம்ப் ரூமுக்குக் கொடுத்தோம். திரும்பப் பூட்டிய நாளிலிருந்து காலையில் ஸ்டார்ட் ஆனதும் இரும்பில் இரும்பு மோதுகிற மாதிரிச் சத்தம். றம்பொடை ஏற்றத்தில் கறுப்புப் புகையும் தள்ளுகிறது. பம்ப் ரூம்காரர் தன் வேலை சரி என்கிறார். கராஜ் பாஸ் பம்ப்தான் பிழை என்கிறார். யாரை நம்புவது? (புசல்லாவை)

பதில்: இருவர் சொல்வதும் சரியாக இருக்க இடமுண்டு. பம்ப் ரூமில் மேசையில் ஏற்றிப் பார்ப்பது ஒவ்வொரு சிலிண்டருக்கும் எவ்வளவு டீசல் போகிறது, நாலும் சம இடைவெளியில் அடிக்கின்றனவா என்பதைத்தான். அந்த அடி பிஸ்டன் எங்கே நிற்கும்போது விழ வேண்டும் என்பது பம்பை எஞ்சினில் பூட்டும்போது தீர்மானிக்கப்படுவது. ஆகவே முதலில் பார்க்க வேண்டியது பூட்டிய விதத்தை.

அதற்கும் முன்னால் ஒரு சின்னச் சோதனை. எஞ்சினைத் தாழ்ந்த ஓட்டத்தில் விட்டு, இன்ஜெக்டர் பைப் நட்டுகளை ஒவ்வொன்றாக அரைச் சுற்றுத் தளர்த்தி மறுபடி இறுக்குங்கள். ஒரு குறிப்பிட்ட நட்டைத் தளர்த்தும்போது மட்டும் சத்தம் அடங்கினால் அந்தச் சிலிண்டரின் நொசில் (டீசலைத் தூவும் இன்ஜெக்டர் முனை) சிக்கியிருக்கிறது, அல்லது அங்கே பெயரிங் போயிருக்கிறது. அது டைமிங் அல்ல. எதைத் தளர்த்தினாலும் சத்தம் கொஞ்சம்தான் குறைகிறது, நாலிலும் ஒரே மாதிரி என்றால்தான் டைமிங்கைச் சந்தேகிக்கலாம். தளர்த்தும்போது துணியால் மூடிப் பிடியுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள். இன்ஜெக்டரிலிருந்து பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசிமுனையளவு காயம்தான் தெரியும், ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் விரலையே இழக்க நேரும்.

இனி டைமிங்கை அளக்கும் முறை. கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனரைப் போட்டுத் திருப்புங்கள், அளவு எடுக்கும்போது எஞ்சின் ஓடும் திசையில் மட்டும். 1ஆம் சிலிண்டர் கம்ப்ரஷன் மேல்நிலைக்கு (காற்றை அழுத்தி பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம்) வருகிறதா என்பதை டெப்பட் கவரைக் கழற்றினால் கண்ணாலேயே பார்க்கலாம். இந்த எஞ்சினில் எரியும் வரிசை 1-3-4-2. 1ஆம் சிலிண்டர் மேல்நிலையில் இருந்தால், அதன் வால்வ்களை அழுத்தும் இரண்டு ரொக்கர்களும் தளர்வாக இருக்கும். 4ஆம் சிலிண்டரில் ஒரு வால்வ் மூடிக்கொண்டும் மற்றது திறந்துகொண்டும் இருக்கும். அங்கிருந்து பின்னால் போய், மேல்நிலைக்கு ஏறத்தாழ 30 டிகிரி முன்னால் நிறுத்துங்கள்.

பம்பில் 1ஆம் பைப்பைக் கழற்றி, டெலிவரி வால்வ் ஹோல்டரைத் திறந்து, உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கையும் வால்வையும் எடுத்துச் சுத்தமான டீசலில் போட்டு வையுங்கள். ஹோல்டரை மட்டும் மறுபடி பூட்டி, வளைந்த ஒரு துண்டுப் பைப்பை மாட்டுங்கள். ஸ்டாப் லீவர் ஓடும் நிலையில் இருக்க வேண்டும். அக்சிலேட்டர் லீவரைக் கையேடு சொல்லும் நிலையில் வையுங்கள், ஏனென்றால் பம்புக்குள் டீசலைத் தள்ளும் பிளஞ்சர்கள் சிலவற்றின் தலையில் ஸ்டார்ட்டுக்கென ஒரு வெட்டு உண்டு, லீவர் தவறான இடத்தில் நின்றால் அளவு பிந்திக் காட்டும். ஒருவர் கைப் பம்பை அடித்துக்கொண்டே இருக்க, மற்றவர் கிராங்கை மெல்லத் திருப்ப வேண்டும். டீசல் முதலில் தாரையாக ஓடும், பிறகு மெலியும், பிறகு சொட்டும். 10 செக்கனுக்கு ஒரு சொட்டு என்ற அளவுக்கு வந்த இடத்தில் கையை எடுங்கள். இன்ஜெக்ஷன் தொடங்கும் இடம் அதுதான். புல்லியில் எத்தனை டிகிரி என்று படித்து, உங்கள் எஞ்சின் தட்டில் அல்லது கையேட்டில் இருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். கொஞ்சம் தாண்டிப் போய்விட்டால் அப்படியே பின்னால் இழுத்துப் படிக்க வேண்டாம். கால் சுற்றுப் பின்னால் போய்த் திரும்ப வாருங்கள், இல்லாவிட்டால் பற்சக்கர இடைவெளி அளவைக் கெடுத்துவிடும்.

புல்லியில் கோடு மட்டும் இருந்து டிகிரி எண் அழிந்திருந்தால் விட்டத்தை அளந்து கணக்குப் போடலாம். 180 மி.மீ. விட்டமுள்ள புல்லியில் ஒரு டிகிரிக்கு விளிம்பில் 1.57 மி.மீ. வரும். இடையில் ரப்பர் வைத்த புல்லியாக இருந்தால் அந்தக் கோட்டையே நம்பாதீர்கள். ரப்பர் விட்டுப்போய் வெளி வளையம் நகர்ந்திருந்தால் நீங்கள் சரிசெய்யும் டைமிங் எல்லாம் பிழைதான். அப்படிச் சந்தேகம் வந்தால் பிஸ்டனை மேலே கொண்டுவந்து, 1ஆம் சிலிண்டரின் ஒரு வால்வ் ஸ்பிரிங்கைக் கழற்றி, வால்வைப் பிஸ்டன் மேல் உட்காரவிட்டு, அதன் தண்டில் டயல் கேஜை வைத்து உண்மையான மேல்நிலையைக் கண்டுபிடித்துப் புதுக் கோடு போடுங்கள். அந்த ஸ்பிரிங்கைத் திரும்பப் போடும்வரை கிராங்கைச் சில டிகிரிக்கு மேல் திருப்பக் கூடாது. பிஸ்டன் இறங்கினால் வால்வ் உள்ளே விழுந்துவிடும்.

உங்களுடைய சத்தத்தைப் பார்த்தால் டைமிங் முந்தியிருக்கும் என்றே தோன்றுகிறது. பம்பின் நிலைபோல்ட்டுகளைத் தளர்த்திப் பம்ப் உடலைத் திருப்ப வேண்டும். எஞ்சின் பக்கமா வெளிப்பக்கமா என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். எந்த எஞ்சினுக்கும் பொருந்தும் விதி ஒன்றுதான்: பம்ப் ஷாஃப்ட் சுற்றும் திசைக்கு எதிராக உடலைத் திருப்பினால் டைமிங் முந்தும், அதே திசையில் திருப்பினால் பிந்தும். பம்ப் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால் பம்பில் 1 டிகிரி என்பது கிராங்கில் 2 டிகிரி. போல்ட் துளை மையத்திலிருந்து 60 மி.மீ. தள்ளி இருந்தால், அங்கே 1 மி.மீ. அசைத்தாலே கிராங்கில் கிட்டத்தட்ட 2 டிகிரி மாறிவிடும். ‘கொஞ்சம் தட்டிவிடு’ என்று சுத்தியலால் தட்டுகிற பழக்கம் ஏன் ஆபத்து என்பது இந்தக் கணக்கில் இருக்கிறது. திருப்புவதற்கு முன் பழைய இடத்தை ஊசியால் கீறி அடையாளம் வையுங்கள்.

கறுப்புப் புகை வேறு விடயம். டைமிங் முந்தினால் சத்தம்தான் பெரிதாக வரும், அந்தளவு கறுப்புப் புகை வராது. பம்ப் ரூமில் ‘பவர் கொஞ்சம் ஏற்றிக் கொடுங்கள்’ என்று யாராவது சொல்லியிருந்தால் டீசல் அளவு கூட்டப்பட்டிருக்கும். டைமிங்கைச் சரிசெய்த பிறகும் புகை நிற்கவில்லையென்றால் பம்ப் திரும்பவும் மேசைக்குப் போக வேண்டும், இந்த முறை அளவைக் குறைப்பதற்கு. இந்த வேலையை நாளைக்கென்று தள்ளிப்போடாதீர்கள். டைமிங் முந்திய எஞ்சினில் ஏற்றம் ஏறினால் ஹெட் கேஸ்கட்டும் பிஸ்டன் தலையும் நீண்ட நாள் தாங்காது.

கேள்வி: மரக்கறி ஏற்றும் லொறி, விடியற்காலை 3 மணிக்கே எடுக்க வேண்டும். நிறைய நேரம் அடித்தால்தான் ஸ்டார்ட் ஆகிறது, கண் எரிகிற வெள்ளைப் புகை. பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிடும். பம்பைக் கொஞ்சம் முந்த வைத்தால் தீரும் என்கிறார்கள். (நுவரெலியா)

பதில்: வைக்காதீர்கள். சூடானதும் சரியாகிற எஞ்சினில் டைமிங் பிழை இருப்பது அரிது. பிழை இருந்தால் அது சூட்டிலும் காட்டிக்கொடுக்கும். குளிரில் டைமிங்கை முந்தினால் டீசல் இன்னும் சூடேறாத காற்றில் விழும், பற்றுவதற்கு இன்னும் நேரமெடுக்கும், அதற்குள் சேர்ந்த டீசல் எல்லாம் ஒரேயடியாக வெடிக்கும்.

கண் எரிகிறது என்றால் அது எரியாத டீசல். ரேடியேட்டர் தண்ணீர் எரிந்தால் புகை வெள்ளையாகத்தான் இருக்கும், ஆனால் இனிப்பு வாடை வரும், கண் எரியாது. எரியாத டீசலுக்கு இந்தக் குளிரில் காரணங்கள் சில உண்டு.

க்ளோ பிளக் (ஸ்டார்ட்டுக்கு முன் சிலிண்டரைச் சூடாக்கும் பிளக்) உள்ள எஞ்சினென்றால் அங்கிருந்து தொடங்குங்கள். ஒவ்வொன்றின் வயரையும் கழற்றி ஓம் மீட்டரால் பாருங்கள். 12 வோல்ட் பிளக் கிட்டத்தட்ட 1 ஓம் காட்டும், 24 வோல்ட் பிளக் அதைவிடக் கூட. அளவு முக்கியமில்லை, நாலும் ஒரே அளவில் இருக்க வேண்டும். மீட்டரே அசையாவிட்டால் அந்தப் பிளக் எரிந்துவிட்டது. பிளக் நன்றாக இருந்தும் அதற்குக் கரண்ட் போகாமல் ரிலே நின்றிருக்கலாம், அதையும் டெஸ்ட் லாம்ப் வைத்துப் பாருங்கள். பிறகு பற்றரி: ஸ்டார்ட்டர் சுற்றும்போது 24 வோல்ட் லொறியில் 19 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் எஞ்சின் போதிய வேகத்தில் சுற்றவில்லை.

அடுத்தது பலர் நினைத்தே பார்க்காத ஒன்று. இரவில் லொறியை எப்படி நிறுத்துகிறீர்கள்? மேட்டைப் பார்த்து நிறுத்தினால் டேங்க் எஞ்சினைவிடக் கீழே போய்விடும். உறிஞ்சும் பைப்பில் எங்காவது ஒரு வாஷர் தளர்ந்திருந்தால் டீசல் இரவெல்லாம் டேங்குக்கே திரும்பி, பில்டரில் காற்று நிற்கும். வெளியே ஒரு சொட்டும் ஒழுகாது, அதனால் கண்ணில் படாது. ஓரிரு இரவு பள்ளத்தைப் பார்த்து நிறுத்திப் பாருங்கள், டயருக்கு மறக்காமல் கல் வையுங்கள். காலையில் ஸ்டார்ட் ஆவதில் வித்தியாசம் தெரிந்தால் காற்றுத்தான் காரணம். பில்டருக்கும் பம்புக்கும் இடையில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஹோஸ் ஒரு துண்டு போட்டால் குமிழ் ஓடுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

இவையெல்லாம் சரியென்றால் கம்ப்ரஷன் பார்க்கலாம். அங்கேயும் ஓர் எச்சரிக்கை. நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கொழும்பில் கம்ப்ரஷன் மீட்டரில் 26 கிலோ காட்டும் எஞ்சின் உங்கள் ஊரில் 21 கிலோதான் காட்டும். கையேட்டு எண்ணை வைத்துக்கொண்டு ‘ரிங் போய்விட்டது, எஞ்சின் இறக்க வேண்டும்’ என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் எவ்வளவு என்று கேளுங்கள்.

கேள்வி: எல்ஃப் லொறி, 4ஜேபி1 எஞ்சின், சுற்றுப் பம்ப். எஞ்சின் இறக்கி வேலை செய்த பிறகு இழுவையே இல்லை. சத்தம் மந்தமாக இருக்கிறது. பேரகலையிலிருந்து அப்புத்தளைக்கு ஏறும்போது ரேடியேட்டர் கொதிக்கிறது. கவரைத் திறந்து பார்த்தால் பற்சக்கரக் குறிகள் ஒன்றோடொன்று சேரவில்லை. பல் மாறிவிட்டதா? (பண்டாரவளை)

பதில்: குறி சேராததை வைத்துப் பல் மாறியதென்று முடிவு கட்டக் கூடாது. இந்த எஞ்சினில் எக்ஸ்-எக்ஸ், வை-வை, இஸட்-இஸட் என்ற குறிகள் பூட்டும் நேரத்துக்கு மட்டும் உரியவை. நடுவில் சுழற்சியைக் கடத்தும் ஐட்லர் சக்கரங்கள் இருப்பதால் கிராங்கைப் பல சுற்றுகள் சுற்றினால்தான் எல்லாம் ஒரே நேரத்தில் மறுபடி நேர்கோட்டுக்கு வரும். பொறுமையாகச் சுற்றிப் பாருங்கள். பல் மாறியிருந்தால் வித்தியாசம் பெரிதாக இருக்கும். பம்ப் சக்கரத்தின் பற்களை எண்ணி 720ஐ அதனால் பிரித்தால் ஒரு பல்லுக்கு கிராங்கில் எத்தனை டிகிரி என்று வரும். 60 பல் என்று வைத்துக்கொண்டால் 12 டிகிரி. அவ்வளவு பிந்தினால் லொறி அப்புத்தளைக்கு ஏறியே இருக்காது. ஆகவே உங்களுடையது பம்ப் உடலைப் பூட்டியதில் வந்த சில டிகிரிப் பிழையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மந்தச் சத்தம், இழுவையின்மை, கொதி மூன்றும் டைமிங் பிந்தியதற்கான அறிகுறிகள். எரிய வேண்டிய டீசல் பிந்தி எரிவதால் சூடு வேலையாக மாறாமல் சைலன்சர் பக்கமும் தண்ணீர்ப் பக்கமும் போகிறது.

இந்தப் பம்பைச் சொட்டு முறையில் அளக்க முடியாது, டயல் கேஜ் வேண்டும். நாலு பைப்பையும் கழற்றி, பம்பின் பின்முகத்தில் நடுவில் இருக்கும் போல்ட்டை எடுத்து, அங்கே அடாப்டரோடு கேஜை 1 மி.மீ. அளவு அழுத்தத்தில் மாட்டுங்கள். 1ஆம் சிலிண்டர் கம்ப்ரஷன் மேல்நிலைக்கு 45 முதல் 60 டிகிரி முன்னால் கிராங்கை நிறுத்தி ஊசியைச் சுழியத்தில் வையுங்கள். கிராங்கை இரு பக்கமும் லேசாக அசைத்தால் ஊசி நகரக் கூடாது. நகர்ந்தால் பிளஞ்சர் இன்னும் அடியில் இல்லை. பிறகு ஓடும் திசையில் திருப்பி, உங்கள் எஞ்சினுக்குரிய டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். மாடலுக்கு மாடல் இந்த எண் மாறும், அதனால் கையேட்டைப் பாருங்கள். அந்த இடத்தில் கேஜ் 0.5 மி.மீ. காட்ட வேண்டும். குறைவாகக் காட்டினால் டைமிங் பிந்தியிருக்கிறது, கூடுதலாகக் காட்டினால் முந்தியிருக்கிறது. திருப்பும் திசைக்கு மேலே சொன்ன விதியே இங்கும். குளிர் ஸ்டார்ட்டுக்கான லீவர் பம்பில் இருந்தால், அளக்கும்போது அது பம்பைத் தள்ளிக்கொண்டிருக்காமல் விலக்கி வையுங்கள், இல்லையென்றால் அளவு பொய் சொல்லும்.

அளவு சரியாக வந்தும் வேகத்தில் இழுவை இல்லையென்றால் பம்பின் மேலுள்ள இரண்டு பேஞ்சோ போல்ட்டுகளை (டீசல் போக உள்ளே துளையுள்ள போல்ட்) பாருங்கள். திரும்பும் பைப்பில் உள்ள போல்ட்டின் தலையில் ‘அவுட்’ என்று பொறித்திருக்கும், அதன் பக்கவாட்டில் ஊசித் துளை ஒன்று மட்டும் இருக்கும். உள்வரும் போல்ட்டில் பெரிய துளை. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருப்பதால் எஞ்சின் வேலையின்போது இவை மாறிப்போவது சர்வசாதாரணம். மாறினால் பம்புக்குள் அழுத்தம் ஏறாது. வேகம் கூடக்கூட டைமிங்கை முந்தித் தரும் பிஸ்டன் அந்த அழுத்தத்தால்தான் நகர்கிறது. நிற்கும்போது அளந்த 0.5 மி.மீ. எவ்வளவு சரியாக இருந்தாலும், ஓடும்போது டைமிங் முந்தாது.

கேள்வி: கொழும்பிலிருந்து கினிகத்தேனை வரை நன்றாக ஏறும் லொறி, ஹட்டன் தாண்டியதும் கறுப்பாகப் புகைக்கிறது. மேல்நாட்டுக்கென்று டைமிங் மாற்றி வைக்கலாமா? (கொட்டகலை)

பதில்: மாற்றத் தேவையில்லை. டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே கொள்ளளவு காற்றைத்தான் இழுக்கும், ஆனால் உயரத்தில் அந்தக் காற்றின் எடை குறைவு. நுவரெலியா மட்டத்தில், குளிர் கொஞ்சம் ஈடுகட்டியும், கொழும்பைவிட ஆறில் ஒரு பங்கு காற்றுக் குறைகிறது. பம்ப் மட்டும் அதே டீசலைக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. அந்த மிச்ச டீசல்தான் கரியாக வெளியே வருகிறது. மேலே ஏறியதும் கியரை ஒரு படி குறைத்து, மிதியை முழுதாக அழுத்தாமல் ஓட்டுங்கள். முழுதாக அழுத்திக் கிடைக்கும் கூடுதல் இழுவை ஒன்றுமில்லை. எயார் பில்டரை கீழ்நாட்டு லொறியைவிட அடிக்கடி மாற்றுங்கள். லொறி மேல்நாட்டிலேயே ஓடுவதென்றால் பம்ப் ரூமில் முழுச்சுமை அளவைக் கொஞ்சம் குறைத்து சீல் வைத்துக்கொள்ளலாம். அந்தத் திருகை வீதியோரத்தில் காதால் கேட்டுத் திருக விடாதீர்கள்.

கேள்வி: டீசலில் மண்ணெண்ணெய் கலந்தால் டைமிங் மாறுமா? (மஸ்கெலியா)

பதில்: ஓட்டத்தில் மாறியது போலத் தெரியும், சத்தம் கடினமாகும். அதைவிடப் பெரிய கேடு, பம்பின் உள்பாகங்களுக்கு எண்ணெய்ப் பசை தருவது டீசல்தான், மண்ணெண்ணெயில் அது போதாது. பிளஞ்சர் தேய்ந்தால் டீசல் உள்ளுக்குள்ளேயே ஒழுகி, ஸ்டார்ட் ஆகும் வேகத்தில் அழுத்தம் ஏறாமல் போகும். சூடான எஞ்சின் ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடித்தால், பம்ப் மேல் ஈரத் துணி போட்டுக் குளிரவிட்டதும் ஸ்டார்ட் ஆனால், தேய்மானம் தொடங்கிவிட்டது. டைமிங்கைத் திருப்பி அதை மீட்க முடியாது.

கேள்வி: கணினி டீசல் அடிக்கும் கொமன் ரெயில் எஞ்சினில் பம்பைத் திருப்பி டைமிங் வைக்க முடியுமா? (நானுஓயா)

பதில்: முடியாது. அந்தப் பம்ப் அழுத்தத்தை மட்டும்தான் உண்டாக்குகிறது. எப்போது அடிப்பது என்பதைக் கணினிதான் கிராங்க் சென்சரையும் கேம் சென்சரையும் பார்த்துத் தீர்மானிக்கிறது. டைமிங் சம்பந்தமான கோட் வந்தால் முதலில் அந்த இரண்டு சென்சர்களின் வயரையும் முனையில் ஒட்டியிருக்கும் இரும்புத் தூளையும் பாருங்கள். ஓடும்போது இதன் பைப் நட்டைத் தளர்த்தவே கூடாது. உள்ளே அழுத்தம் 1000 பாருக்கும் மேல் ஏறக்கூடும்.

கேள்வி: வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப் புகைப் பரிசோதனை வருகிறது. போன முறை தேறவில்லை. பம்பைக் கொஞ்சம் பிந்த வைத்தால் புகை குறையும் என்கிறார்கள். (கம்பளை)

பதில்: குறையாது, புகை கூடத்தான் செய்யும். பிந்தி விழுந்த டீசலுக்கு எரிய நேரம் போதாது, கரி அதிகமாகும். பிந்த வைப்பதால் குறைவது வேறொரு வாயு, அதை இந்தப் பரிசோதனை அளப்பதில்லை. இங்கே அளப்பது புகையின் கறுப்பைத்தான், அதுவும் நின்ற இடத்தில் மிதியைச் சட்டென்று அழுத்தும்போது.

புது எயார் பில்டர் போடுங்கள். நாலு நொசில்களையும் கழற்றி டெஸ்டரில் பார்க்கக் கொடுங்கள்: திறக்கும் அழுத்தம் நாலிலும் ஒரே மாதிரி கையேட்டு அளவில் இருக்க வேண்டும், அதற்கு 20 கிலோ குறைவான அழுத்தத்தில் 10 செக்கன் பிடித்தால் முனை ஈரமாகிச் சொட்டு விழக் கூடாது. திறக்கும் அழுத்தம் குறைந்த நொசில் நேரத்துக்கு முன்பே திறந்துவிடும், அதனால் டைமிங்கும் கெட்டது போலச் சத்தம் போடும். திரும்பப் பூட்டும்போது அடியிலுள்ள செம்பு வாஷர்களைப் புதிதாகவே போடுங்கள், பழையதைச் சூடாக்கித் திரும்பப் போட வேண்டாம். டெப்பட் இடைவெளியையும் பார்த்துவிடுங்கள். பரிசோதனை நாளன்று வீட்டிலிருந்து நேரே ஓட்டிக்கொண்டு போய், எஞ்சின் சூடு ஆறுவதற்குள் உள்ளே விடுங்கள். வரிசையில் நீண்ட நேரம் நிற்க நேர்ந்தால், உங்கள் முறைக்குச் சற்று முன் மூன்று நாலு தரம் எஞ்சினை வேகமெடுத்து சைலன்சரில் படிந்த கரியை வெளியேற்றுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் தேறாவிட்டால் டீசல் அளவைக் குறைக்க பம்ப் ரூமுக்குப் போங்கள். எண் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: எத்தனை சுற்று வேகத்தில் எத்தனை சீசீ வைத்தார்கள் என்று. அடுத்த வருடம் அந்தத் தாள் உதவும்.